முப்பதை முப்பதென்றே சொன்ன வெர்லீன் டக்வொர்த் அம்மையாருக்கு

ஜார்ஜியா மாநிலம், மேக்கன் நகர், ஒரே வரி இயக்கத்தின் அலுவலகச் செயலாளராக இருபத்தாறு ஆண்டுகள் அமர்ந்தும் அலைந்தும், அதட்டியும் அரவணைத்தும் பணியாற்றி, இன்று ஓய்வு பெறும் திருமதி வெர்லீன் டக்வொர்த் அவர்களுக்கு, அதே அலுவலகத்தில் அவரிடம் திட்டு வாங்கியும் தேநீர் வாங்கியும் வளர்ந்தவர்கள் அன்போடு அளிக்கும் மடல்.

வருமான வரியை ஒழிக்க வந்த வீரமே! ஒழியும்வரை அதே வரியை ஊருக்கு முன்னால் கட்டிவிடும் ஒழுக்கமே! கடலை கிண்டும் கரண்டியைக் கையில் பிடித்தபடியே காலத்தையும் ஒரு கிண்டு கிண்டிய காரிகையே! வணக்கம்.

இந்த மடல் முடியும்வரை குறுக்கே பேசமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள். அந்த வாக்கு எவ்வளவு நேரம் தாங்கும் என்று மண்டபத்தில் பந்தயம் நடக்கிறது. ஆனாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு இன்னும் தெரியாத ஒரு சேதி இதன் கடைசியில் இருக்கிறது. நேற்று மாலையிலிருந்து அதை வாய்க்குள் அடக்கிவைத்துக்கொண்டு, பேச்சு வந்துவிடுமோ என்ற பயத்தில் ரொட்டியாகத் தின்று தீர்த்தவர் நம் அலுவலகத்து மார்வா கில்லியம். அந்தத் தியாகத்துக்காகவே இதைப் படிக்கும் உரிமையையும் அவருக்கே கொடுத்திருக்கிறோம். நம் இயக்கத்தின் பேச்சாளர் ஹாய்ட் பீபிள்ஸ் படித்தால் அரை மணி நேரம் சொந்தச் சரக்கைச் சேர்த்துவிடுவார் என்பது இன்னொரு காரணம்.

சம்பளச் சன்னலின் சாட்சியே!

எங்களிடம் வருவதற்கு முன்னால் நீங்கள் கெய்ன்ஸ்வில் ஊரில் ஒரு கோழி ஆலையின் சம்பளச் சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தீர்கள். வெள்ளிக்கிழமைதோறும் கோழி அறுக்கும் பெண்கள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வருவார்கள். சம்பளச் சீட்டைப் பிரிப்பார்கள். மேலே ஒரு தொகை, கீழே ஒரு தொகை. நடுவில் காணாமல்போனதைப் பார்த்துவிட்டு, "இத யாரு எடுத்தா?" என்று உங்களைக் கேட்பார்கள். நீங்களே எடுத்ததுபோலக் கேட்பார்கள்.

"எனக்குப் பதில் தெரியும். ஆனா அந்தப் பதில் ஒரு ஆளுக்குக்கூட வயித்த நிரப்பல. அதான் இங்க வந்தேன்." வேலை கேட்டு வந்த அன்று நீங்கள் சொன்னது இவ்வளவுதான். அதற்குமேல் உங்களிடம் கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

சம்பாதிக்கும்போது பிடிக்காதே, செலவழிக்கும்போது வாங்கிக்கொள். சம்பளத்தில் விழும் வரிகள் எல்லாம் போகட்டும், நாடு முழுவதற்கும் ஒரே விற்பனை வரி வரட்டும். ஏழை வீட்டு அரிசிக்கும் ரொட்டிக்கும் விழும் வரியை மாதம் பிறந்ததும் முன்பணமாக ஒவ்வொரு வீட்டுக்கும் அனுப்பிவிடு. நம் இயக்கத்தின் கொள்கை இந்த மூன்று வாக்கியம்தான். நாங்கள் அதை முப்பது பக்கத்தில் அச்சடித்து வைத்திருந்தோம். நீங்கள் வந்த முதல் வாரம் அந்தப் புத்தகத்தை ஆடிக்கொண்டிருந்த மேசையின் காலுக்குக் கீழே வைத்தீர்கள். அது இன்றும் அங்கேதான் இருக்கிறது. மேசையும் ஆடுவதில்லை.

ஏப்ரல் பதினைந்தின் எதிரியே!

வருமான வரிக் கணக்கு அனுப்பக் கடைசி நாளான அன்று, தபால் நிலைய வாசலில் மேசை போட்டு, தலையில் அடித்துக்கொண்டு வரும் ஊராருக்கு ஐஸ் போட்ட இனிப்புத் தேநீர் கொடுப்பவர் நீங்கள். இடது கையில் கோப்பை, வலது கையில் துண்டறிக்கை. தேநீரை வாங்கிக்கொண்டு துண்டறிக்கையை மறுத்தவர் எவரும் இல்லை. மறுத்தால் கோப்பை திரும்பிப் போய்விடும்.

உங்கள் கணக்கோ ஜனவரியிலேயே போய்ச் சேர்ந்திருக்கும். "ஒழிக்கணும்னு சொல்றவ முதல்ல ஒழுங்காக் கட்டணும். இல்லேன்னா வாயத் தொறக்கக் கூடாது" என்பீர்கள். கட்டாமல் கொடி பிடிக்க வந்த சில அன்பர்களை நீங்கள் வாசலோடு அனுப்பிவைத்ததும் எங்களுக்கு நினைவிருக்கிறது. அதில் ஒருவர் நமக்கு நல்ல நன்கொடை தருபவர். ஹாய்ட் அன்று மதியச் சாப்பாடு சாப்பிடவில்லை.

செத்துச் செத்துப் பிழைக்கும் மசோதாவின் செவிலித்தாயே!

இரண்டு ஆண்டுக்கொரு முறை வாஷிங்டனில் பிரதிநிதிகள் சபை புதிதாகக் கூடுகிறது. கூடும்போது பழைய மசோதாக்கள் எல்லாம் செத்துப்போகின்றன. நம் ஒரே வரி மசோதாவும் சாகும். பிறகு ஜனவரியில் ஒரு நல்லவர் அதைப் புதுத் தாளில் எழுதி, சபைக் குமாஸ்தா மேசையருகே இருக்கும் மரப்பெட்டியில் மறுபடி போடுவார். பெட்டியில் விழுந்த சேதி வந்ததும் நம் அலுவலகத்தின் பின்கட்டில் நீங்கள் கொப்பரையை ஏற்றுவீர்கள். உப்புத் தண்ணீரில் கடலை வேகும். தெருவில் போகிறவர்கள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "உங்க மசோதா மறுபடி பொறந்துடுச்சா?" என்று கேட்பார்கள். இழவு வீடு என்று சொல்லத்தக்க இந்த வேலையை நீங்கள் பிரசவ வீடாக நடத்தினீர்கள்.

ஒரே ஒரு குறை மட்டும் முள்ளாய் இருந்தது. எங்கெங்கோ இருந்த பிரதிநிதிகள் எல்லாம் அந்த மசோதாவில் ஆதரவாளராகப் பெயர் சேர்த்தார்கள். நம் சொந்தத் தொகுதிப் பிரதிநிதி ஆர்லன் டிங்ளர் மட்டும் சேர்க்கவில்லை. "உங்க ஊர் ஆளே நம்பல, நாங்க எதுக்கு நம்பணும்?" என்று போகிற இடமெல்லாம் கேட்டார்கள். அந்த ஒரு பெயரை வாங்கிவிட வேண்டும் என்று மூன்று வருடம் அலைந்தவர் ஹாய்ட் பீபிள்ஸ். டிங்ளரோடு மீன் பிடித்தார். டிங்ளரின் நாய்க்குப் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பினார். டிங்ளர் சொன்ன ஒரே நகைச்சுவைத் துணுக்குக்கு ஒவ்வொரு முறையும் புதிதாகச் சிரித்தார். கடைசியில் போன அக்டோபரில் டிங்ளர் மனம் இளகி, "மாவட்டச் சந்தையில உங்க கடைக்கு வரேன். ஜனங்க என்ன சொல்றாங்கன்னு பாக்கறேன். அப்புறம் பேர் சேக்கறதப் பத்திப் பேசலாம்" என்றார்.

சந்தையைக் கலக்கிய சண்டமாருதமே!

அந்த நாளைப் பற்றி ஊரில் பல கதைகள் உலவுகின்றன. ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்டப்போகும் மடல் என்பதால், நடந்ததை நடந்தபடி இதில் எழுதிவைக்கிறோம்.

நம் சந்தைக் கடையின் வழக்கம் எல்லோருக்கும் தெரியும். வருகிறவர் கையில் முதலில் ஒரு மரவில்லை கொடுப்போம். அது மாத முன்பணத்துக்கு அடையாளம். முதல் கப் கடலைக்கு உண்டான வரியை அந்த வில்லை அடைத்துவிடும். இரண்டாவது கப்புக்கு வரியைச் சொந்தப் பணத்தில் கட்ட வேண்டும். விற்பனை வரி என்றால் எப்படி இருக்கும் என்பதை நாக்கால் உணர்ந்து பார்க்கும் ஏற்பாடு. இத்தனை வருடமும் 'வரி உட்பட ஒரு டாலர் முப்பது சென்ட்' என்று ஒரே விலையாக விற்றோம். யாரும் எதையும் கேட்டதில்லை.

போன அக்டோபரில், டிங்ளர் வருகிறாரே, கடை எடுப்பாக இருக்கட்டும் என்று ஹாய்ட் ரசீது அடிக்கும் இயந்திரம் ஒன்றை வாடகைக்குக் கொண்டுவந்தார். பெரிய பலகை ஒன்றும் எழுதச் சொன்னார். பலகையில் ஆள் உயரத்துக்கு எண்: 'வரி வெறும் 23!' இயந்திரத்தில் விலையையும் வரியையும் ஏற்றியவர் நீங்கள். அது அடித்த ரசீதில் இருந்தது: கடலை ஒரு டாலர், வரி முப்பது சென்ட்.

உலகத்தில் வேறு எந்தக் கடைக்காரரும் செய்ய முடியாத தவறு இது. இதைச் செய்ய நம் இயக்கத்தின் அறிவு வேண்டும்.

டிங்ளர் வந்தார். நீலச் சட்டை, பெல்ட்டில் பித்தளைக் கொக்கி. கையில் கடலைக் கப்போடு ஹாய்டின் பக்கத்தில் நின்றார். ஹாய்டுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. வெயில் இதமாக இருந்தது. வரிசை நீளமாக இருந்தது. இன்னும் அரை மணி நேரம் இப்படியே போனால் மூன்று வருடக் கனவு கைக்கு வந்துவிடும் என்று அவர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோதுதான், வரிசையில் இரண்டாவது கப் வாங்கிய பெண்மணி ரசீதைத் தூக்கிப் பிடித்தார்.

"ஐயா பேச்சாளரே, இங்க கொஞ்சம் வாங்க. பலகையில இருபத்திமூணு. மிஷின் எடுத்தது முப்பது. மிச்ச ஏழு சென்ட் யாரு சட்டைக்குள்ள போச்சு?"

"ரெண்டும் ஒண்ணுதாம்மா," என்றார் ஹாய்ட், சிரித்த முகத்தோடு.

"இருபத்திமூணும் முப்பதும் ஒண்ணா? எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சீங்க?"

பின்னாலிருந்து ஒரு குரல்: "அவரு சம்சாரம் வயசக் கேட்டுப் பாரு, இப்படித்தான் சொல்வாரு!"

வரிசை குலுங்கிச் சிரித்தது. ஹாய்டின் கழுத்து சிவந்தது. ஆனாலும் ஆயிரம் மேடை கண்டவர் அல்லவா, விளக்கத்தில் இறங்கினார். "நீங்க மொத்தமாக் குடுத்தது நூத்திமுப்பது சென்ட். அதுல வரி முப்பது. நூத்திமுப்பதுல முப்பதுன்னா, நூத்துக்கு இருபத்திமூணு. வருமான வரியை எப்படிச் சொல்றோம்? மொத்தச் சம்பளத்துல இத்தனைன்னுதான சொல்றோம். அதே மாதிரி இதையும் மொத்தத்துல..."

"நிறுத்துங்க. நான் முடி வெட்டறவ. இருபது டாலர்னு பலகை மாட்டிட்டு இருபத்தாறு வாங்கினா, என் கத்தரிக்கோலப் புடுங்கி என்னையே கத்தரிச்சிடுவாங்க. எனக்கு மட்டும் ஒரு நியாயம், உங்களுக்கு ஒரு நியாயமா?"

கூட்டம் கலைய ஆரம்பித்தது. அதைவிட மோசம், சிரித்துக்கொண்டே கலைய ஆரம்பித்தது. டிங்ளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. எத்தனையோ மேடையில் நிரூபித்த கணக்கு அது. ஆனால் இப்போது வாயைத் திறக்கத் திறக்கத் தானே ஒரு மோசடிக்காரன்போலத் தெரிவது அவருக்கே புரிந்தது.

அப்போதுதான் நீங்கள் கொப்பரைக்குப் பின்னாலிருந்து வந்தீர்கள்.

யாரையும் கேட்கவில்லை. கைப்பையைத் திறந்தீர்கள். உதட்டுச் சாயத்தை எடுத்தீர்கள். பலகையின் முன்னால் போய், இருபத்திமூன்றின் மேல் குறுக்கே ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் பளிச்சென்ற சிவப்பில் 30 என்று எழுதினீர்கள்.

"வெர்லீன்!" என்றார் ஹாய்ட், அடிவயிற்றிலிருந்து.

"முப்பது," என்றீர்கள், கூட்டத்தைப் பார்த்து. "கடையில நிக்கும்போது முப்பதுதான். உங்க பேரென்னம்மா?"

"ட்வைலா மாப்ளி."

"வா ட்வைலா. ஏழு சென்ட்ட யாரும் திருடல. இதப் பாரு." ஒரு தட்டை எடுத்து வைத்தீர்கள். "இந்தக் கப்புல நூறு கடலை இருக்குன்னு வெச்சுக்க. இது உன்னுது. அதுக்கு மேல முப்பது கடலை சர்க்காருது. ஹாய்ட் ரெண்டையும் ஒண்ணாக் கொட்டிக் குவிச்சுட்டு, இந்தக் குவியல்ல நூத்துக்கு இருபத்திமூணு சர்க்காருக்குங்கறாரு. அது சரியான கணக்குதான். ஆனா கடைக்கு வர்றவ குவியலையா பாப்பா? கப்பத்தான் பாப்பா. அதனால முப்பது."

கலைந்துபோனவர்கள் நின்றார்கள்.

"இப்ப உன் சம்பாத்தியத்தையும் இதே மாதிரி பாத்துடுவோம். நூறு சம்பாதிக்கற. எல்லா வரியும் போகக் கையில எத்தனை நிக்குது?"

ட்வைலா மனதுக்குள் கூட்டிக் கழித்தார். "எழுபத்தெட்டு. நல்ல வருஷமா இருந்தா."

நீங்கள் தட்டிலிருந்து ஒரு கைப்பிடியை அள்ளி ஓரமாக வைத்தீர்கள். "காணாமப்போன இருபத்திரெண்டு இதுதான். எங்க வழியில இது உன் கையிலயே இருக்கும். ஆனா செலவு பண்றப்ப முப்பது மேல வெக்கணும். அரிசி பருப்புக்கு ஆகற வரி மாசாமாசம் முன்னாலயே வந்துரும். உனக்கு இதுல லாபமா நட்டமான்னு நான் சொல்லமாட்டேன். நீ சேத்துவெக்கறவளா, செலவு பண்றவளான்னு எனக்குத் தெரியாது. நீயே எண்ணிக்க."

"டாக்டருக்கும் முப்பதா?" என்றார் ட்வைலா.

"ஆமா."

"வீடு வாங்கினா?"

"புது வீடுன்னா ஆமா. பழைய வீட்டுக்குக் கெடையாது. பழைய சாமான் எதுக்குமே கெடையாது. ஒரு தடவை கட்டினா கட்டினதுதான்."

"சவப்பெட்டிக்கு?"

"புதுசுன்னா உண்டு."

"அப்ப நான் பழசாப் பாத்து வாங்கிக்கறேன்!" என்று அதே பின்வரிசைக் குரல் கத்தியது. சந்தையே அதிர்ந்தது. டிங்ளருக்குப் புரையேறி, நம் வேன் ஓட்டும் ஓடிஸ் ஸ்டாலிங்ஸ் ஓடிவந்து முதுகில் தட்ட வேண்டியதாயிற்று. தட்டியது கொஞ்சம் பலமாகவே இருந்தது.

அதற்குப் பிறகு கேள்விகள் மழையாய்ப் பொழிந்தன. கார் வாங்கினால்? மருந்து வாங்கினால்? பணக்காரன் வெளிநாட்டில் போய் வாங்கிக்கொண்டால்? ஒவ்வொன்றுக்கும் நீங்கள் நேராகப் பதில் சொன்னீர்கள். தெரியாததற்குத் தெரியாது என்றீர்கள். பேச்சுக்குப் பேர்போன ஹாய்ட் பீபிள்ஸ் கரண்டியை வாங்கிக்கொண்டு கடலை கிண்டினார். மதியத்துக்குள் கொப்பரை காலி.

போகும்போது ட்வைலா சொன்னார்: "முப்பதுன்னு முதல்லயே போட்டிருந்தீங்கன்னா வரிசையிலயே நின்னிருக்கமாட்டேன். இப்ப என்னடான்னா போகவே மனசு வரல."

ஆனால் டிங்ளர் ஹாய்டின் தோளில் கை போட்டார். "கூட்டம் நல்லாத்தான் இருக்கு பீபிள்ஸ். ஆனா முப்பதுன்னு சொல்லி ஓட்டுக் கேட்டுப் போனேன்னா என் வீட்டு நாய்கூட எனக்குப் போடாது. பாப்போம்."

இந்த ஊரில் 'பாப்போம்' என்றால் என்ன பொருள் என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

கோபத்தையும் குளிர்ந்த முகத்தோடு வாங்கிக்கொண்ட குன்றே!

கொப்பரையை வண்டியில் ஏற்றும்போது ஹாய்ட் வெடித்தார். "மூணு வருஷம் வெர்லீன்! மூணு வருஷம் அந்த மனுஷனோட மீனே இல்லாத ஏரியில தூண்டில் போட்டிருக்கேன். ஒரு உதட்டுச் சாயத்துல எல்லாத்தையும் அழிச்சிட்டீங்க!"

"நீ பொய் சொல்லல ஹாய்ட். அத நான் எங்கயும் சொல்வேன்," என்றீர்கள். "ஆனா உன் எண்ண வெளக்கப் பத்து நிமிஷம் ஆகுது. அதுவரைக்கும் கேக்கறவ உன்னத் திருடன்னு நெனச்சிட்டிருக்கா. என் எண்ணு அவளுக்குக் கசக்குது. ஆனா கசந்த உடனே அடுத்த கேள்விக்குப் போயிடறா."

"டிங்ளர் போயிட்டாரே!"

"போனவரு கப்போட போனாரா, கப்ப வெச்சிட்டுப் போனாரா?"

டிங்ளர் மூன்றாவது கப்பையும் வாங்கிக்கொண்டுதான் போயிருந்தார். அதற்கு முழு வரியும் கட்டியிருந்தார்.

"ரெண்டு பேரும் சண்டைய முடிச்சிட்டு ஆளுக்கொரு காதப் புடிங்க. பாத்திரம் சுடுது," என்றார் ஓடிஸ்.

அதன்பிறகு சில வாரம் நம் அலுவலகம் எப்படி இருந்தது என்பதை இங்கே வந்திருக்கும் குடும்பத்தார் அறியமாட்டார்கள். கை நீட்டினால் தொடும் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, "மார்வா, அந்தம்மாகிட்ட ஸ்டேப்ளர் இருக்கான்னு கேளு" என்பார் ஹாய்ட். "எனக்குக் காது நல்லாக் கேக்குது ஹாய்ட்" என்று நீங்கள் ஸ்டேப்ளரை உருட்டிவிடுவீர்கள். அந்தப் பலகையை அவர் குப்பையில் போட்டார். நீங்கள் எடுத்துத் துடைத்து, அவர் நாற்காலிக்கு நேர் எதிரே மாட்டினீர்கள். மறுநாள் அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டார். இப்போது முதுகுக்குப் பின்னால் முப்பது இருந்தது. அது இன்னும் மோசமாக இருந்ததாம். மறுபடி திருப்பிக்கொண்டார்.

பிறகு வார்னர் ராபின்ஸ் ஊர்த் தேவாலயக் கூடத்தில் ஒரு மதியக் கூட்டம். பொரித்த கோழியும் சோள ரொட்டியும் ஆறிக்கொண்டிருந்தன. ஹாய்ட் எழுந்தார். முன்வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ட்வைலா மாப்ளி உட்கார்ந்திருந்தார். ஒரு புருவத்தை மட்டும் உயர்த்தினார்.

"வரி வெறும் இருபத்தி..." என்று தொடங்கிய நாக்கு நின்றது. ஹாய்ட் தண்ணீர் குடித்தார். "கடையில நிக்கும்போது முப்பது," என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. யாரும் எழுந்து போகவில்லை. "அதான் சந்தையிலயே கேட்டோமே, மேல சொல்லுங்க" என்றார் ஒருவர். ஹாய்டின் பேச்சில் பாதி, இருபத்திமூன்று எப்படி இருபத்திமூன்று என்று விளக்கும் பகுதி. அது திடீரென்று தேவைப்படாமல் போயிற்று. கோழி ஆறுவதற்குள் கூட்டம் முடிந்தது. அவர் வாழ்நாளில் வாங்கிய மிகப் பெரிய கைதட்டல் அது. அன்று மாலை அவர் உங்கள் மேசையில் ஒரு சோள ரொட்டியை வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனார். நீங்களும் ஒன்றும் சொல்லாமல் தின்றீர்கள். சமாதானம் அவ்வளவுதான்.

இன்னும் சேதி தெரியாத எங்கள் செயலாளரே!

இப்போது கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நேற்று மதியத்துக்குமேல் மார்வா உங்களை வற்புறுத்தி, விழாவுக்கு முடியைச் சரிசெய்துகொள்ளுங்கள் என்று ட்வைலாவின் கடைக்கு அனுப்பினார். வழக்கமாக அரை மணியில் முடியும் வேலை, நேற்று மாலைவரை இழுத்ததே, ஏன் என்று யோசித்தீர்களா? ட்வைலா மூன்று முறை கழுவினாரே, அப்போதாவது சந்தேகம் வந்ததா? பிடித்துவைக்கச் சொன்னது நாங்கள்தான். ஏனென்றால் நீங்கள் வாசற்படி தாண்டிய கொஞ்ச நேரத்தில் தொலைபேசி அடித்தது.

ஹாய்ட் எடுத்தார். டிங்ளர்.

"பீபிள்ஸ், மசோதாவ நாளைக்குக் காலையில பெட்டியில போடறாங்க. அடுத்த வாரம்னு இருந்தத முன்னாடி தள்ளிட்டாங்க. நான் பேர் சேக்கறேன்."

ஹாய்ட் எழுந்து நின்றுவிட்டார். மார்வா நாற்காலிமேல் ஏறிவிட்டார். ஓடிஸ் வேனை அணைக்காமலே உள்ளே ஓடிவந்தார்.

"ஆனா ஒண்ணு," என்றார் டிங்ளர். "பத்திரிகைக்கு ஒரு அறிக்கை குடுக்கணும். என் ஆபீஸ் பசங்க இருபத்திமூணுன்னு எழுதி வெச்சிருக்காங்க. பாக்க நல்லா இருக்கு. அப்படியே விட்டுடவா? நீ என்ன சொல்ற?"

சரி என்று ஒரு சொல். அந்த ஒரு சொல்லில் மூன்று வருடமும் முடிந்துவிடும். 'முப்பது' என்றால் மனிதர் மறுபடி 'பாப்போம்' என்று சொல்லிவிடலாம். மசோதா ஊர்ப் பெயர் இல்லாமலே பெட்டியில் விழும். அடுத்த இரண்டு வருடம் மறுபடி மீனில்லாத ஏரி. எதிரே சுவரில் அந்தப் பலகை. நீங்களோ ட்வைலாவின் நாற்காலியில், தலையில் சோப்பு நுரையோடு. கேட்க ஆளில்லை. திட்ட ஆளில்லை.

"முப்பதுங்க," என்றார் ஹாய்ட்.

டிங்ளர் குரலைத் தாழ்த்தினார்.

"அந்தம்மா பக்கத்துல இருக்காங்களா?"

"இல்லீங்க. முடி வெட்டிக்கப் போயிருக்காங்க."

"அப்ப நீயாவா சொல்ற?"

"நானாத்தான் சொல்றேன். இருபத்திமூணுன்னு போட்டீங்கன்னா மொதல் கூட்டத்துலயே ஒருத்தர் ரசீத நீட்டுவாரு. அப்ப உங்க பக்கத்துல நிக்கறது நானாத்தான் இருப்பேன். எனக்கு அது ஒரு தடவை போதும்."

அந்த நேரம் மார்வா மூச்சு விட்டாரா என்று அவருக்கே நினைவில்லை. பிறகு தொலைபேசியில் ஒரு பெருமூச்சு கேட்டது. அதன்பின்னால் ஒரு சிரிப்பு.

"சரி. முப்பதுன்னே போடறேன். ஆனா பெரிய எழுத்துல இல்ல. நடுத்தரமா."

வெர்லீன் அம்மையாரே, இன்று காலை மசோதா பெட்டியில் விழுந்தது. நம் தொகுதிப் பெயரோடு விழுந்தது. அறிக்கையில் முப்பது நடுத்தர எழுத்தில் இருக்கிறது. மண்டபத்துக்குள் நுழையும்போதே, "யாரது மசோதா பொறக்கறதுக்கு முன்னாடியே கடலை வேகவெக்கறது, இந்தக் குளிர்ல பச்சைக் கடலைக்கு எங்க போனீங்க?" என்று நிச்சயம் கேட்டிருப்பீர்கள். போன அக்டோபரிலேயே நீங்கள் பனிப்பெட்டியில் போட்டுவைத்த மூட்டைதான். ஓடிஸ் கண்டுபிடித்துவிட்டார். உப்பு கூடிப்போயிருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். கிண்டியது ஹாய்ட்.

இது வெற்றி இல்லை என்று நீங்கள் உடனே சொல்வீர்கள். ஒரு பெயர் சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். குழுவில் கிடக்கும், வாக்கெடுப்புக்கு வராது, இரண்டு வருடத்தில் மறுபடி செத்துப்போகவும் கூடும். தெரியும். வரும் ஏப்ரலில் மறுபடி ஊரே தலையில் அடித்துக்கொண்டு தபால் நிலையத்துக்கு ஓடும். அந்த மேசையை இனி நாங்கள் போடுகிறோம். தேநீரில் சர்க்கரை எவ்வளவு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள்.

உங்களுக்கு எங்கள் வாழ்த்து இதுதான். முழங்கால் வலி இல்லாமல், கண் மங்காமல், குரல் கொஞ்சமும் இறங்காமல் நீங்கள் நெடுங்காலம் வாழ வேண்டும். ஒரு வருடம் ஏப்ரல் பதினைந்து விடியும்போது, அன்று யாருக்கும் எந்த வேலையும் இல்லாமல், தபால் நிலைய வாசல் வெறிச்சோடிக் கிடக்க வேண்டும். அதை நீங்கள் உங்கள் வாசல் நாற்காலியில் உட்கார்ந்தபடி, கையில் ஒரு கப் கடலையோடு பார்க்க வேண்டும். அந்தக் கடலைக்கு முப்பது வரி கட்டிய ரசீது பக்கத்தில் கிடக்க வேண்டும்.

இப்போது பேசலாம். வாக்கிலிருந்து விடுவிக்கிறோம்.

என்றும் உங்கள் அதட்டலுக்கு ஏங்கும்,

ஹாய்ட் பீபிள்ஸ்
மார்வா கில்லியம்
ஓடிஸ் ஸ்டாலிங்ஸ்
ஒரே வரி இயக்கம், மேக்கன்

ட்வைலா மாப்ளி
(ஆதரவாளராக அல்ல, இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறேன். சாட்சியாக மட்டும்.)